முப்பத்தோராம் பக்கத்து லீரா

லீரா கதவைத் திறந்துகொண்டு வெளியே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியில் வழக்கம்போல வெயில் கொளுத்தியது, வழக்கம்போல கரண்டு போய்க் கரண்டு வந்தது, வழக்கம்போல பாரம் மடிக்கிற பெண்களான நாங்கள் இன்றைக்கு லீவு என்று சொல்லிக்கொண்டே காலண்டர் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மடித்துக்கொண்டிருந்தோம்; ஆகவே அந்த நேரத்தில் ஊரில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

நடந்தது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற லாட்ஜின் மாடி ஹாலில். அங்கேதான் வால்வெள்ளி காமிக்ஸ் வாசகர் வட்டம் வருஷம் ஒருமுறை கூடும். வட்டம் என்றால் எல்லாரும் ஐம்பது தாண்டிய ஆம்பளைகள், பாதிப்பேருக்கு முடி இல்லை, மீதிப்பேருக்குச் சர்க்கரை. எழுபத்தொன்பதாம் வருஷம் எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் அச்சாகி, வந்த வேகத்தில் தீர்ந்துபோய், பிறகு அந்த அச்சகமும் மூடிப்போய், இன்றைக்குக் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்ட வால்வெள்ளியின் கோடை மலர் ஒன்று உண்டு, ‘செவ்வாயில் கடைசி மூச்சு’ என்று பெயர். அதை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் வைத்து, வட்டத்தின் தலைவர் அதிவீரராமன் வாத்தியார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து முப்பத்தோராம் பக்கத்தை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். வருஷம் முழுக்க வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷர்கள் அந்த ஒரு பக்கத்துக்காக மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவார்கள்.

கதை இதுதான். செவ்வாய்க்குப் போன விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் பழுதாகிறது. உள்ளே மூன்று பேர், கமாண்டர் ஹார்டன், புரொபசர் ஹெஸ்பர், அப்புறம் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிற லீரா. புரொபசர் கருவியைப் பார்த்துவிட்டு, மீதமுள்ள காற்று இரண்டு பேருக்குத்தான் போதும் என்கிறார். கமாண்டர் தலையைக் குனிந்துகொள்கிறார், புரொபசர் கண்ணாடியைத் துடைக்கிறார், லீரா எழுந்திருக்கிறாள். அவ்வளவுதான், ஒருத்தரும் அவளைப் போ என்று சொல்லவில்லை, ஒருத்தரும் இரு என்றும் சொல்லவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் கதவருகே லீரா. இரண்டாவதில், “கவலை வேண்டாம் கமாண்டர்! இரண்டு உயிருக்காக ஓர் உயிர் போவது பெரிதல்ல!” மூன்றாவதில் கதவு திறந்து, அவள் கூந்தல் பறக்கிறது. நாலாவதில் ஒரே கறுப்பு, நடுவில் சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளி. கடைசிப் பக்கத்தில் பூமியில் அவளுக்கு ஒரு சிலை, அதன் முன்னால் கமாண்டரும் புரொபசரும் சல்யூட் அடித்து நிற்பார்கள்.

வாத்தியார் அன்றைக்கும் வழக்கம்போலக் குரல் நடுங்க, “கவலை வேண்டாம் கமாண்டர்” என்று ஆரம்பித்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் படிக்கிறவர், பக்கத்தைப் பார்த்தா படிப்பார், மனப்பாடமாகவே ஒப்பித்துக்கொண்டு போனார். எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். தன்னுடைய சொந்தப் பிரதியை மடியில் விரித்து வைத்திருந்த சீனிராஜ் என்கிற பைண்டிங் கடைக்காரர்தான் அழாமல் கையைத் தூக்கினார்.

“சார், எனக்கு அப்பிடி இல்லையே சார்.”

“எப்பிடி இல்ல?”

“உக்காந்திருக்கா சார்.”

எல்லாரும் கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். முதல் கட்டத்தில் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவது கட்டத்தில் லீரா தன் நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேலே வசன வட்டத்துக்குள் “போகமாட்டேன்” என்று ஒரே ஒரு வார்த்தை. மூன்றாவதில் கமாண்டர் வாயைப் பிளந்திருந்தார். நாலாவதில் அதே கறுப்பு, புள்ளியைக் காணோம். கடைசிப் பக்கத்துச் சிலையும் போய், வெறும் பீடத்தின் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார், வேறு பிரதி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், கோவில்பட்டிக்கும் சார்ஜாவுக்கும் போன் போட்டுக் கேட்டார். எல்லா இடத்திலும் லீரா உட்கார்ந்திருந்தாள்.

இந்த மாதிரி விஷயத்துக்கு வேறு ஊராக இருந்தால் டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள். எங்களுக்கு அச்சடித்த தாளில் வினோதம் நடப்பது புதிதல்ல. மஞ்சள் தள்ளி விழுந்து அம்மன் முகம் தோளுக்குப் போனதையும், மாசி மாதத்துக்கு முப்பத்திரண்டு தேதி வந்ததையும், ஒரே கல்யாணப் பத்திரிகையில் ரெண்டு மாப்பிள்ளை பேர் ஏறி ரெண்டு பேருமே மண்டபத்துக்கு வந்து நின்றதையும் பார்த்த ஊர் இது. அதனால் ஒருத்தரும் எப்படி என்று கேட்கவில்லை. “அவ எப்பிடி உக்காரலாம்?” என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி டீக்கடையில் கேட்கப்பட்டது, சலூனில் கேட்கப்பட்டது, கட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கேட்கப்பட்டது. மாமியார்கள் பழைய பெட்டிகளைக் கிளறி, கோடை மலர் இருந்தால் எடுத்து மருமகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்கள். வைத்து என்ன பிரயோஜனம்? அந்த வாரம் எங்கள் ஊரில் உட்கார்ந்த பெண்கள் அதிகம். புருஷன் சாப்பிடும்போது பின்னால் நின்று பரிமாறுகிறவள் கூடவே இலையைப் போட்டு உட்கார்ந்தாள், மாமனார் வந்ததும் எழுந்திருக்கிறவள் எழுந்திருக்க மறந்துபோனாள், கேட்டால் கால் வலி என்றாள். அத்தனை கால்களும் ஒரே வாரத்தில் வலித்தன.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களில் ஒருத்திக்கு லீராமேல் வந்த கோபம் வாத்தியாருக்குக்கூட வரவில்லை. அவள் தங்கபுஷ்பம், எங்களுக்குப் புஷ்பமக்கா.

புஷ்பமக்கா பதினைந்து வயதில், பள்ளிக்கூட லீவில், கோடை மலர் அச்சான அந்த அச்சகத்தில் பாரம் மடிக்கப் போனவள். அச்சான பெரிய தாளைப் பக்கம் மாறாமல் மடித்து அடுக்குவதற்குத்தான் பாரம் மடிப்பது என்று பேர். இந்த வேலையில் ஒரு கூத்து உண்டு, மடிக்கிறவளுக்குப் புத்தகம் முழுசாகத் தெரியாது, அவள் பங்குக்கு வருகிற தாளில் எந்தப் பக்கம் முகத்துக்கு நேரே விழுகிறதோ அதுதான் அவளுக்குக் கதை. புஷ்பமக்கா பங்குக்கு வந்த தாளில் ஒரு பக்கம் பல்பொடி விளம்பரம், எதிர்ப்பக்கம் முப்பத்தொன்று. காலையிலிருந்து சாயங்காலம்வரை லீரா எழுந்து நிற்பாள், வசனம் பேசுவாள், வெளியே போவாள், புள்ளியாவாள், புஷ்பமக்கா மடிப்பாள், அடுத்த தாளில் மறுபடியும் எழுந்து நிற்பாள். அந்தக் கோடைக்கு முதலாளி மடிக்கிற பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். புஷ்பமக்கா அதைத் தகரப் பெட்டியில் வைத்து, வாழ்க்கையில் ஒவ்வொரு தடவை நெஞ்சு அடைக்கும்போதும் எடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பாள். மற்ற பக்கங்களைத் திறந்ததே இல்லை, தேவைப்பட்டதும் இல்லை.

மூத்த தம்பி தவசிலிங்கம் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை விட்ட அன்றைக்குப் பார்த்தாள். சாத்தூரிலிருந்து வந்த நல்ல சம்பந்தத்தை, அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அன்றைக்குப் பார்த்தாள். இளைய தம்பி பொன்னுவேலின் பெண்டாட்டி பிள்ளை பெற்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, இரட்டைப் பிள்ளைகளை ஆளுக்கொரு தோளில் போட்டுக்கொண்டு வளர்த்தாளே, அப்போதும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைப் புள்ளி அவளுக்கு ஆறுதல் சொன்னது. இத்தனையும் எங்களுக்கு அப்போது தெரியாது, எங்களிடம் பெருமையாக அவள் சொன்னதெல்லாம் “என் தம்பிமாரு நல்லா இருக்காங்க” என்பதுதான். நல்லாத்தான் இருந்தார்கள். பழைய வீட்டை இடித்துக் கீழே ஒன்று மேலே ஒன்றாகக் கட்டினார்கள், கீழ்வீடு தவசிலிங்கத்துக்கு, மேல்வீடு பொன்னுவேலுக்கு, மாடிப்படிக்குக் கீழே அக்காவுக்கு ஒரு பாய். இப்போது தவசிலிங்கம் மகனுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. சம்பந்தி வீட்டார் வந்துபோகிற இடத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பாயும் தகரப் பெட்டியுமா என்று தம்பிமார் யோசித்தார்கள்.

“ராஜபாளையம் தாண்டி மலையடிவாரத்துல ஒரு இல்லம் இருக்குக்கா,” என்றார் தவசிலிங்கம். “வயசானவுங்களுக்குன்னே கட்டினது. நல்ல காத்து. நேரத்துக்குச் சாப்பாடு. ஒனக்குத்தான் யோசிக்கிறோம்.”

“சரிப்பா,” என்றாள் புஷ்பமக்கா.

“வர்ற வெள்ளிக்கிழம வேன் வருதுக்கா.”

“சரிப்பா.”

எங்களிடம் வந்து, வீட்டில் இடம் ரெண்டு குடும்பத்துக்குத்தான் இருக்கு, தம்பிமாரும் என்ன செய்வாங்க என்று சிரித்தபடி சொன்னாள். எங்களுக்கு வயிறு எரிந்தது. அவள் சிரிப்பைப் பார்த்ததும் எரிந்ததைச் சொல்லவும் முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் லீரா உட்கார்ந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த புஷ்பமக்கா, போகிற போக்கில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று மத்தியானம் கோடை மலரைத் திறந்தவள், நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பயப்படவில்லை, பிரமிக்கவில்லை, ஆத்திரத்தில் கத்தினாள்.

“ஏ பிள்ள! என்ன காரியம் பண்ணிட்ட? எந்திரி. அவுங்க ரெண்டு பேரும் மூச்சுமுட்டிச் செத்துப்போவாங்க. வெக்கமா இல்ல ஒனக்கு? எந்திரிடீ!”

பக்கத்தை மூடித் திறந்தால் லீராவின் வசனம் மாறும் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. புஷ்பமக்கா மூடினாள், திறந்தாள்.

“நீ இந்தப் பக்கத்தைத் திறந்த ஒவ்வொரு முறையும் நான் வெளியே போனேன், புஷ்பம்,” என்று எழுதியிருந்தது. “ஒரே ஒரு முறையாவது போகாதே என்று சொன்னாயா?”

புஷ்பமக்கா புத்தகத்தை மூடிப் பெட்டியின் அடியில், சேலைகளுக்கெல்லாம் கீழே வைத்து, மேலே தலையணையையும் வைத்து அமுக்கி மூடினாள். அன்றைக்கு மடித்த பாரம் அத்தனையிலும் பக்கம் மாறியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கை தப்பி நாங்கள் பார்த்ததில்லை.

வாசகர் வட்டம் சும்மா இருக்குமா? அவசரக் கூட்டம் போட்டார்கள். லீராவின் செயலைக் கண்டித்து ஒரு தீர்மானம், அவள் உடனே வெளியேற வேண்டும் என்று ஒரு தீர்மானம், இரண்டையும் வாத்தியார் பக்கத்தைப் பார்த்து உரக்கப் படித்துக் காட்டினார். மூடித் திறந்தபோது, “படித்து முடித்தாயிற்றா?” என்று கேட்டிருந்தாள். அப்புறம் அவர்கள் செய்தது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த காரியம். எங்கள் ஊரில் எது ஒழுங்காக நிற்கவில்லையென்றாலும் ஒரு பின் அடி என்றுதான் சொல்வார்கள். தாள் நிற்கவில்லையா பின் அடி, அட்டை நிற்கவில்லையா பின் அடி, கல்யாண வீட்டில் ஜமுக்காளம் சுருண்டால்கூட ரெண்டு பின் அடி என்பார்கள். லீரா எழுந்து கதவருகே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் அவள் நாற்காலியில் உட்கார முடியாதபடி செய்ய வேண்டும், அதற்கு நாற்காலியின் நடுவில் ஒரு பின் அடித்துவிட்டால் போதும் என்று சீனிராஜ் சொன்னார், எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். கோடை மலரைத் துண்டில் சுற்றி ஊர்வலமாகப் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், மெஷினின் மிதியை வாத்தியாரே மிதித்தார்.

மறுநாள் திறந்து பார்த்தார்கள். நாற்காலியில் பின்னும் இல்லை, பின் ஏறிய ஓட்டையும் இல்லை. லீரா அந்தக் கம்பியைப் பிடுங்கி நிமிர்த்தி விண்கலத்தின் கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாகப் போட்டிருந்தாள். சார்ஜாவில் இருந்த பிரதியிலும் தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

அதற்கப்புறம்தான் கமாண்டருக்கு நீலம் பாய ஆரம்பித்தது. முதலில் உதடு, பிறகு காது, பிறகு முகம் முழுக்க. அச்சுத்தொழில் தெரிந்தவர்கள் நீலம் மட்டும் ஏறுகிறது, சிவப்பு இறங்குகிறது என்றார்கள், தெரியாதவர்கள் மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான் என்றார்கள். ஊர் நடுங்கிப்போனது. கமாண்டர் பிழைக்க வேண்டும் என்று ஒரு கோயிலில் அபிஷேகம் நடந்தது, ஒரு சர்ச்சில் ஜெபம் நடந்தது, “தளபதியே தளராதே” என்று நாலு முக்கிலும் பிளெக்ஸ் வைத்தார்கள். அதுவரை லீரா பக்கம் நின்ற பெண்களுக்கும் உள்ளுக்குள் உதறல் எடுத்தது. உட்கார்ந்தவர்களில் பலர் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி பிழைப்பதற்கு ஒருத்தன் சாக வேண்டுமா என்று கேட்டால் யார்தான் பதில் சொல்ல முடியும்? அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு நாற்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் அந்த நடுக்கத்தில் எங்களுக்கே மறந்துபோனது.

வியாழக்கிழமை அதிவீரராமன் வாத்தியார் நேரே நாங்கள் பாரம் மடிக்கிற ஷெட்டுக்கு வந்தார். வந்தவர் எங்களையெல்லாம் தாண்டிப் புஷ்பமக்கா முன்னால் போய் நின்றார்.

“அம்மா, நீங்க அந்தப் புஸ்தகத்த ஒங்க கையால மடிச்சவுங்கன்னு சொன்னாங்க.”

“ஆமாங்க சார்.”

“நீங்க சொன்னா அவ கேப்பா. இந்த ஊருல அவள மாதிரியே வாழ்ந்தது நீங்க ஒரு ஆளுதான். தம்பிகளுக்காக எல்லாத்தையும் விட்டீங்க. நாளைக்கு இடத்தையும் விட்டுக் குடுத்துட்டுப் போறீங்களாம், தவசிலிங்கம் சொன்னாரு. கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா. ஒங்களுக்குச் சிலையே வைக்கலாம்.”

மனுஷன் மனசாரத்தான் சொன்னார், கண்ணும் உண்மையாகவே கலங்கியிருந்தது, கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டார். புஷ்பமக்கா அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

“சிலையா சார்?” என்றாள்.

“ஆமாம்மா.”

“நான் உயிரோட இருக்கேன் சார்.”

புஷ்பமக்கா எழுந்து வீட்டுக்குப் போய், பெட்டியின் அடியிலிருந்து கோடை மலரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, எங்கள் நடுவில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாங்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். வாத்தியார் நின்றுகொண்டே இருந்தார், ஒருத்தரும் அவருக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை.

முதல் பக்கத்தில் விண்கலம் கிளம்புகிறது, கமாண்டர் மனிதகுலத்தின் எதிர்காலம் பற்றிப் பேசுகிறார். ரெண்டாம் பக்கம் பல்பொடி. மூன்றாம் பக்கத்தில் கமாண்டர் கடமை பற்றிப் பேசுகிறார். ஏழாம் பக்கத்தில் இஞ்சின் புகைகிறது, லீரா வாயில் திருப்புளியைக் கடித்துக்கொண்டு சரிசெய்கிறாள், அவள் தலைக்கு மேல் கமாண்டர் தைரியம் பற்றிப் பேசுகிறார், அவர் வசனம் பாதிக் கட்டத்தை அடைத்துக்கொண்டு லீராவின் கை வரைக்கும் இறங்கியிருக்கிறது. பதினைந்தில் பேசுகிறார். இருபதில் பேசுகிறார். காற்று குறைந்துவிட்டது என்று புரொபசர் சொன்ன பக்கத்தில், குறைந்த காற்றைப் பற்றி மூன்று கட்டத்துக்குப் பேசுகிறார். படிக்கப் படிக்க முதலில் எங்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் ஷெட்டே சிரித்தது.

“யக்கா, இந்த ஆளு வாய மூடினாலே இன்னும் நாலு பேரு மூச்சு விடலாமேக்கா!”

“இருக்கிற காத்தெல்லாம் இவன் வசனத்துக்கே போயிருச்சு போல!”

புஷ்பமக்கா மட்டும் சிரிக்கவில்லை. முப்பதாம் பக்கத்துக்கு வந்து விரலை நிறுத்தினாள். மூன்று நாற்காலி இருந்தது அந்தக் கட்டத்தில். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள், அங்கேயும் மூன்று. எல்லாப் பக்கத்திலும் மூன்று போட்டுத்தான் வரைந்திருந்தான் அந்த ஓவியன். கடைசியாக முப்பத்தொன்றைத் திறந்து, கதவுத் தாழ்ப்பாளையும் லீராவையும் நீலம் பாய்ந்த கமாண்டரையும் பார்த்து, எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

“லீரா, நீ எந்திரிக்காத. அந்த மனுசனக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லு.”

மூடினாள். திறந்தாள்.

“கமாண்டர், வாயை மூடுங்கள்,” என்று எழுதியிருந்தது.

அடுத்த கட்டத்தில் கமாண்டர் தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. அத்தனை பக்கங்களிலும் அவர் பேச்சு அடைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் வெள்ளையாகக் காலியாக, விசாலமாக இருந்தது, அதில் எங்கேயோ பின்னால் மறைந்து கிடந்த ஜன்னல் ஒன்று தெரிந்தது, ஜன்னலில் பூமி தெரிந்தது. ரெண்டு மூன்று தடவை மூடித் திறப்பதற்குள் கமாண்டரின் காதுக்குச் சிவப்பு வந்துவிட்டது. புரொபசர் தன் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் அவரவர் நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

“கமாண்டர் பேசலன்னா இது என்ன காமிக்ஸு?” என்றார் வாத்தியார். “நான் சின்ன வயசுலருந்து அழுத பக்கம்மா அது.”

“நானும்தான் சார் அழுதேன்,” என்றாள் புஷ்பமக்கா. “நீங்க அழுதுட்டு வீட்டுக்குப் போனீங்க. நான் அழுதுட்டு அவ பின்னாடியே போனேன்.”

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது, நாங்கள் எல்லாருமே அழுதோம். வாத்தியார் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் இல்லத்து வேன் வந்து தெருவில் நின்றது. எங்கள் ஷெட்டில் அன்றைக்கு ஒரு தாள்கூட மடங்கவில்லை, எல்லாரும் தவசிலிங்கம் வீட்டு வாசலில் நின்றோம். கீழ்வீட்டு ஹாலில் புது சோபாவில் தம்பிமார் ரெண்டு பேரும் காலை அகட்டி, கையைப் பரப்பி, ஆளுக்குப் பாதியாக நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். தவசிலிங்கத்தின் பெண்டாட்டி கனகமணி வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியிலிருந்து புஷ்பமக்கா வந்தாள்.

“எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா மதினி?” என்றாள் கனகமணி.

புஷ்பமக்கா பெட்டியை ஹால் நடுவில் இறக்கி வைத்தாள். திறந்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அங்கே வரிசையாக நின்ற பொம்மைகளையும் கோப்பைகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, காலியான தட்டில் அடுக்கினாள். சீப்பை வைத்தாள். கண்ணாடியை வைத்தாள். தலையணையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, என்னக்கா இது?” என்று தவசிலிங்கம் ஆரம்பித்தார். “வேன் நிக்குது. எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒனக்கு நல்லதுக்குத்தானே செய்யிறோம்? நீயே யோசிச்சுப் பாரு, பையன் கல்யாணம் வருது, ஒரு பொண்ணு வீட்டுக்கு வரப்போகுது, அவுங்க வீட்டாளுங்க நாலு பேரு வருவாங்க போவாங்க, இருக்கிற இடம் என்ன, நம்ம நெலம என்ன...”

அவர் பேசினார். பொன்னுவேல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வெளியே டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்தார். தவசிலிங்கம் பேசி முடிக்கிறவரை புஷ்பமக்கா அவசரப்படாமல் நின்று கேட்டாள், பிறகு வாசலுக்கு வந்து, “தம்பி, யாரும் வரல, நீங்க கெளம்புங்க,” என்று டிரைவரிடம் சொல்லி, கனகமணி கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கி, “வழியில சாப்பிடுங்க,” என்று அவரிடம் கொடுத்தாள். டிரைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வழிவிட்டோம், அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

“அக்கா,” என்றார் தவசிலிங்கம், “அப்ப யாரு போறதுங்கிற?”

புஷ்பமக்கா தலையணையோடு சோபாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“யாரும் எங்கயும் போக வேண்டாம்,” என்றாள். “கொஞ்சம் நெருக்கி உக்காருங்க.”

சாத்தூர் பஸ்ஸிலும் கோவில்பட்டி பஸ்ஸிலும் பிறந்ததிலிருந்து போய்வந்த உடம்பு, கண்டக்டரின் அந்த வார்த்தையைக் கேட்டால் யோசிக்கிறதில்லை. தம்பிமார் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்தார்கள்.